கண்டியில் ஒரு மாதம்: எப்போது எங்கே சாப்பிடுவது, எதை எந்த வரிசையில் பார்ப்பது – முழுமையான வழிகாட்டி

கண்டிக்கு ஒரு மாதம் தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே நுவரெலியா, எல்ல, சீகிரியா என்று ஓடிக் களைத்துவிட்டு, மீதி நாட்களில் அறையில் பாணும் நூடில்ஸுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள். சாப்பாட்டிலும் இதே கதைதான். நல்ல கடைக்குப் பிழையான நேரத்தில் போய், அடிப்பானைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் சாப்பாடு சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

கண்டியில் சாப்பாட்டைத் தீர்மானிப்பது மணிக்கூடு. பயணத்தைத் தீர்மானிப்பது மழை. கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒரு படியில் தெரிந்துகொள்வது அடுத்த படிக்குத் தேவைப்படும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. வரும் மாதத்தை முதலில் தீர்மானியுங்கள்

மலையகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே காலத்தில் மழை பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்கும். அதே நாட்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே ஜூலையில் வருகிறவர் பதுளைப் பக்கத்தையும், பெப்ரவரியில் வருகிறவர் ஹற்றன் பக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டி நகருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட வழக்கம். அந்த மாதங்களிலும் வரலாம். வெளிவேலைகளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளும் ஒழுங்கு மட்டும் வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெர நடக்கும். அதைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். வாடகை ஏறிவிடும், நகரின் நடு வீதிகள் மூடப்படும். நுவரெலியாவுக்கு ஏப்ரல் அப்படி. பூக்கள் இருக்கும், ஆனால் அறை கிடைக்காது.

ஒரு மாதம் தங்கினால் ஒரு பௌர்ணமி கட்டாயம் வரும். போயா தினம் பொது விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கப்படுவதில்லை, தலதா மாளிகையில் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அன்று பயணம் எதுவும் வைக்காதீர்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் கடுமையாகச் சிதைத்தது. அதற்கு முன்பும் பெருமழைக் காலங்களில் மண்சரிவு வந்துகொண்டுதான் இருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மலையேறும் எந்தப் பயணத்துக்கும் முதல்நாள் மாலை அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒரு மாதம் கையில் இருப்பவருக்கு அவசரப்பட வேண்டிய தேவை என்ன?

2. தங்குமிடம்: தூரத்தைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பாருங்கள்

புதியவர்கள் இடறும் முதல் இடம் இதுதான். வரைபடத்தில் ஏரியிலிருந்து எண்ணூறு மீட்டர் என்று தெரியும் வீடு, உண்மையில் செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் இருக்கும். சன்னலைத் திறந்தால் காட்சி அருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தேநீருக்கு இறங்கினாலும் திரும்ப முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு நாள் தங்குபவருக்கு அந்தக் காட்சி போதும். ஒரு மாதம் தங்குபவருக்குக் காலுக்கு எட்டும் தூரத்தில் கடை வேண்டும்.

பேராதனை வீதியை ஒட்டிய கட்டுக்கலைப் பகுதியைத்தான் நான் முதலில் சொல்வேன். வீதி சமதரையாக ஓடுகிறது, பேராதனைக்குப் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும், செல்வ விநாயகர் ஆலயம் பக்கத்தில் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். சுற்றுப்புறக் கடைகளில் தமிழிலேயே கதைக்கலாம். வீடு வீதியோரமாக இல்லாமல் உள்ளே தள்ளி இருக்கட்டும். பஸ்களின் ஹோர்ன் சத்தம் விடியுமுன்னே தொடங்கிவிடும்.

ஒரு மாத வாடகையை வருவதற்கு முன்பே முழுதாகக் கட்டிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு மட்டும் பதிவு செய்து, வந்து பார்த்து, ஏற்றம், தண்ணீர், சுடுதண்ணீர், ஈரக்கசிவு ஆகிய நான்கையும் சோதித்த பிறகு மாதத்துக்குப் பேசுங்கள். சுவரில் கைவைத்துப் பாருங்கள். ஈரமான சுவர் உள்ள அறையில் ஒரு மாதத்தில் துணிகள் பூஞ்சணம் பிடித்துவிடும். சிறிய சமையலறை இருந்தால் நல்லது. சமைப்பதற்கு என்பதைவிட, சந்தையில் வாங்கும் பழங்களையும் தயிர்ச் சட்டியையும் வைக்க இடம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3. கையில் இருக்க வேண்டியவை

சில்லறை: பஸ்ஸில் நடத்துனரிடம் பெரும்பாலும் காசாகத்தான் கொடுக்க வேண்டும், பெரிய தாளை நீட்டினால் மீதிக்குக் காத்திருக்க நேரும். குடை. நடுத்தரக் குளிருக்கு ஒரு சுவெட்டர். கண்டிக்குத் தேவைப்படாது, நுவரெலியாவுக்குக் கட்டாயம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் வெளிர்நிற உடை ஒன்று, தலதா மாளிகைக்காக. அட்டைக் கடிக்கு நீண்ட காலுறையும் சிறிது உப்பும் சவர்க்காரமும். பிக்மீ செயலி, முச்சக்கர வண்டிக் கட்டணத்தை முன்கூட்டியே அறிய. வெளிநாட்டிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாக 30 நாட்கள் கிடைக்கும். அது நாட்டில் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதால், கண்டிக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

4. முதல் மூன்று நாட்கள்: உங்கள் கடைகளைப் பிடியுங்கள்

இந்த மூன்று நாட்களில் எந்தப் பயணமும் வேண்டாம். நடக்க மட்டும் செய்யுங்கள். உங்கள் வேலை, தங்குமிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பகல் சாப்பாட்டுக் கடையையும் ஒரு தேநீர்க் கடையையும் கண்டுபிடிப்பது.

காரணம் எளிது. ஒரே கடைக்கு நாலைந்து நாள் தொடர்ந்து போனால் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். அதன் பிறகு இன்று எந்தக் கறி நன்றாக வந்திருக்கிறது, எது வேண்டாம் என்று அவரே சொல்வார். எந்த வீதி மூடியிருக்கிறது, எந்த பஸ் எங்கே நிற்கிறது என்பதையும் அங்கேதான் கேட்க வேண்டும். கண்டியில் பஸ் தரிப்பிடங்கள் கட்டுமான வேலைகளால் இடம் மாறுவது உண்டு. பழைய குறிப்பை நம்பிக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் இடையில் பையோடு அலைகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பகல் சாப்பாட்டுக் கடையை எப்படித் தேர்வது? பன்னிரண்டரைக்கு எந்தக் கடையில் அலுவலக ஊழியர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்களோ, அதுதான். வெளியே ஆங்கிலத்தில் மட்டும் விலைப்பலகை வைத்திருக்கும் கடை உங்களுக்கானது அல்ல.

5. மணி பார்த்துச் சாப்பிடுங்கள்

காலை ஆறு முதல் எட்டரை வரை இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சில கடைகளில் பாற்சோறும் கட்டைச் சம்பலும். ஒன்பதரைக்குப் போனால் இடியப்பத் தட்டின் ஓரங்கள் காய்ந்திருக்கும். தோசை, இட்லி வேண்டுகிறவர்களுக்கு டி.எஸ். சேனாநாயக்க வீதியில் பாலாஜி தோசை இருக்கிறது. சைவ உணவகம் என்பதால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம். காலையில் இலைக்கஞ்சி விற்கும் இடம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். வல்லாரையோ ஹாத்தாவாரியோ (தண்ணீர்விட்டான்) அரைத்துவிட்ட சூடான கஞ்சி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஏற்றம் ஏறும் நாளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பகல் சாப்பாடு பதினொன்றே முக்கால் முதல் ஒன்றேகால் வரை. இதைத் தவறவிடாதீர்கள். சோறு, பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், அப்பளம், பொரித்த மிளகாய். விரும்பினால் மீனோ கோழியோ. மலையகத்து மரக்கறியின் அருமை இங்கேதான் தெரியும். லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட், கரட் எல்லாம் மேலே இருந்து அன்றன்று இறங்குகின்றன. ஒன்றேகாலுக்குப் பிறகு நல்ல கறிகள் முதலில் தீரும். பள்ளிக்கூடங்கள் விடும் நேரமும் அதை ஒட்டியே வருவதால் வீதி நெரிசலாகி, இன்னொரு கடைக்குப் போவதும் முடியாமல் போகும். ஆகவே, எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டை நினையுங்கள். வெளியே போகிற நாளில் பதினொன்றரைக்கே சோற்றுப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். தலதா வீதியில் உள்ள டெவோன் போன்ற இடங்களில் பார்சலும் பேக்கரியும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு பார்சல் பெரும்பாலும் இரண்டு பேருக்குப் போதும். முதல் முறை ஆளுக்கொன்று வாங்கிவிடாதீர்கள்.

மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை தேநீர் நேரம். பேக்கரிகளில் இரண்டாவது முறை பாண் சூடாக வெளிவரும். மீன் பணிஸ், ரோல்ஸ், கட்லட், பட்டீஸ், உளுந்து வடை. பல கடைகளில் நீங்கள் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய இவற்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். புதியவர்கள் இதை இலவசம் என்றோ, முழுவதற்கும் காசு கட்ட வேண்டும் என்றோ நினைத்துத் திகைக்கிறார்கள். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. மீதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனாலேயே, எடுக்காத பண்டத்தைத் தொட்டுப் பார்க்காதீர்கள்; அது அடுத்த மேசைக்குப் போகும்.

தேநீரில் சொல்லிக் கேட்க வேண்டியது சீனி அளவு. சொல்லாவிட்டால் இனிப்பு தூக்கலாக வரும். தேயிலையின் சுவை தெரிய வேண்டுமானால் பால் இல்லாத பிளேன்டீயை இஞ்சி போட்டு வாங்கி, சீனியைத் தனியாகக் கேளுங்கள்.

இரவுச் சாப்பாடு ஆறரைக்குத் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் காலையில் ஆப்பம் தேடி ஏமாறுவார்கள். இங்கே ஆப்பம் பெரும்பாலும் மாலைக்கும் இரவுக்கும் உரியது. முட்டை ஆப்பம் ஒன்று, வெறும் ஆப்பம் இரண்டு, கட்டைச் சம்பல். ஒவ்வொன்றாகச் சட்டியிலிருந்து வரும்போதே சாப்பிட வேண்டும். மொத்தமாகச் சொல்லி அடுக்கி வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும். கொத்து ரொட்டிக்கும் இதுவே நேரம். தலதா வீதியில் உள்ள முஸ்லிம் ஹோட்டலின் கொத்தும் முட்டை ரொட்டியும் கண்டிக்காரர்கள் தலைமுறையாகச் சாப்பிடுபவை. முஸ்லிம் உணவகங்களில் சாப்பாட்டின் முடிவில் வட்டலப்பம் என்ற இனிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கண்டி நேரத்தோடு உறங்கும் ஊர். ஒன்பது மணிக்குக் கடைகளின் கதவுகள் இறங்கத் தொடங்கிவிடும். எட்டுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

புறநகரில் தங்கினால் பீத்தோவனின் மெட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் இசைத்தபடி முச்சக்கர வண்டி வரும். அது சூன் பாண் வண்டி. பேக்கரிப் பண்டங்கள் வாசலுக்கே வருகின்றன. கையைக் காட்டினால் நிற்கும்.

6. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

மரக்கறி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பருப்பிலும் சம்பலிலும் சுண்டலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கட்டைச் சம்பலில் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம். மாசியை அவர்கள் மசாலாவாகவே கருதுகிறார்கள். “மாசி போட்டதா?” என்று நேராகக் கேளுங்கள். சிங்களக் கடையில் “உம்பலகட நெத்துவ” என்றால் புரியும். சந்தேகம் தீராவிட்டால் சைவ உணவகத்துக்கே போய்விடுவது நிம்மதி.

7. முதல் வாரத்தின் மீதி: நகரத்துக்குள்

ஏரியைச் சுற்றிக் காலை ஆறரைக்கு நடங்கள். முழுச் சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எட்டு மணிக்குப் பிறகு வாகனப் புகை வந்துவிடும். குரங்குகள் கையில் இருக்கும் பையைத்தான் பார்க்கும். பழமோ வடையோ வெளியே தெரியாமல் வையுங்கள்.

தலதா மாளிகைக்குப் பூசை நேரம் பார்த்துப் போக வேண்டும்: காலை 5.30, 9.30, மாலை 6.30. மேளம் முழங்குவதும் உள்ளறைக் கதவு திறப்பதும் அப்போதுதான். இடைப்பட்ட நேரத்தில் போனால் கட்டடத்தை மட்டும் பார்த்துத் திரும்புவீர்கள். அரை மணி முன்னதாகச் சென்றால்தான் பாதுகாப்புச் சோதனை, செருப்பு வைக்கும் வரிசை எல்லாம் முடிந்து மேலே போகலாம். விடியற்காலைப் பூசைக்குக் கூட்டம் குறைவு. முடித்துக்கொண்டு நேரே இடியப்பத்துக்குப் போய்விடலாம் என்பதால் எனக்கு அதுவே உகந்தது. மாளிகை வளவை ஒட்டிய நாத, பத்தினி, விஷ்ணு தேவாலயங்களையும் அன்றே பாருங்கள். பத்தினித் தெய்வம் கண்ணகிதான். தமிழர்கள் அங்கே நின்று பார்க்காமல் போவது எனக்கு எப்போதும் வருத்தம்.

உடவத்தகலை வனம் மாளிகைக்குப் பின்னால் தெரிந்தாலும் நுழைவாயில் அந்தப் பக்கம் இல்லை. டி.எஸ். சேனாநாயக்க வீதி வழியாகச் சுற்றி ஏறிப் போக வேண்டும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், அட்டைகள் இருக்கும்.

மத்திய சந்தைக்கு இந்த வாரமே ஒருமுறை போங்கள், ஆனால் வாங்குவதற்காக அல்ல. மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் விலைகளை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் குறிப்பு உதவும். பழம் மட்டும் வாங்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும்.

8. இரண்டாம் வாரம்: அரைநாள் பயணங்கள்

நகரத்தின் பஸ்களும் சாப்பாட்டு நேரமும் பழகிய பிறகே வெளியே கால் வையுங்கள். முதலில் பேராதனை. 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை மகாவலி மூன்று பக்கமும் வளைந்து சுற்றுகிறது. காலை 7.30க்குத் திறக்கும்போதே உள்ளே போங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயிலும் பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டமும் சேர்ந்துவிடும். பனை நிழற்சாலைகள், ஓர்க்கிட் மனை, படர்ந்து விரிந்த ஜாவா அத்தி, இரட்டைத் தேங்காய் மரம் என்ற வரிசையில் போனால் திரும்ப நடக்க வேண்டியதில்லை. உயரமான மரங்களில் கறுப்புப் பைகளாகத் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். அவற்றின் கீழே நிற்க வேண்டாம்.

பகலுக்கு கன்னொறுவையில் உள்ள ஹெல போஜுன் உணவுக்கூடத்துக்குப் போங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் கிராமத்துப் பெண்கள் தங்கள் கையாலேயே சமைத்து விற்கும் இடம். ஒவ்வொரு மேடையிலும் ஒருவர். காசு அவர்களுக்கே போகிறது. குரக்கன் ரொட்டி, தேங்காய் ரொட்டி, உளுந்து வடை, தோசை, இலைக்கஞ்சி, பழச்சாறு. ஒரே மேடையில் வயிற்றை நிரப்பாமல் நாலு மேடையில் ஒவ்வொன்றாக வாங்குங்கள். மாதத்தில் இங்கே ஒருமுறை போனவர்கள் மறுமுறையும் போகிறார்கள். மாலையில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் குறிஞ்சிக் குமரன் கோயில். பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் மாலைப் பூசைக்கு ஏறுங்கள்.

அடுத்தது மூன்று கோயில் நடை: எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய. இதில் வரிசை முக்கியம். பஸ்ஸில் எம்பெக்கவுக்குப் போய் அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள். மறுபக்கமாக வந்தால் எம்பெக்கவில் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். கடலாதெனியவில் முடித்தால் சிறிது தூரத்தில் கொழும்பு–கண்டிப் பெருவீதி. அங்கே நிமிடத்துக்கு ஒரு பஸ். எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. அதன் மரத்தூண்களைக் காலை வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் செதுக்கல் துலங்கும். லங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் காட்டுவதில்லை. வழியில் கடைகள் குறைவு. சோற்றுப் பார்சலும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

9. தேயிலையைப் பார்க்கும் முன் தேயிலை மக்களைப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். பெரும்பாலானோர் நேரே நுவரெலியாவுக்குப் போய், பச்சைச் சரிவில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அந்தச் சரிவை யார் உண்டாக்கினார்கள் என்று தெரியாமலே போகிறார்கள்.

முதலில் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தில் பழைய இயந்திரங்கள் இருக்கின்றன. மேல்மாடியில் தேநீர் அருந்தலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஏறுவதற்கு முச்சக்கர வண்டியில் போய், இறங்கும்போது நடந்து வாருங்கள்.

அதற்குப் பிறகு, வேறொரு நாளில், கம்பளைக்கு அப்பால் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான பழைய லயன் அறைகளே அருங்காட்சியகம் ஆகியிருக்கின்றன. அந்த அறையின் அளவையும், புகை படிந்த அடுப்பையும், கொழுந்துக் கூடையையும் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பிறகு எந்தத் தோட்டத்திலும் நடக்கும் விதம் மாறுகிறது. எந்நேரமும் ஆள் இருக்கும் இடம் அல்ல என்பதால் முன்கூட்டியே தொடர்புகொண்டு நேரம் கேளுங்கள்.

தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் நாள் முடிவில் கொழுந்தை நிறுத்துக் காட்ட வேண்டியவர்கள்; நீங்கள் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடையது. அக்கா, அம்மா என்று அழைத்து, ஓய்வு நேரத்தில் கதையுங்கள். தோட்டத்தில் யாராவது ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் தந்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள். கோதுமை மாவில் தேங்காய் சேர்த்துத் தடிப்பாகச் சுட்ட அந்த ரொட்டிக்கு நிகரானது நகரத்தில் எந்தக் கடையிலும் இல்லை.

10. மூன்றாம் வாரம்: நெடும்பயணங்கள்

மாத்தளையில் தொடங்குங்கள், ஒரே நாளில் போய் வரலாம். முத்துமாரியம்மன் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போய், பிறகு பழைய பௌத்தக் குகைக் கோயிலான அலுவிகாரை. மாசி மக நாட்களில் வந்தால் பஞ்சரத பவனி கிடைக்கும். வழியோரத்து வாசனைத் தோட்டங்களில் விளக்கம் இலவசம் என்பார்கள். இறுதியில் எண்ணெயும் பசையும் சந்தை விலையைவிடப் பல மடங்கில் கைக்கு வரும். பார்க்கலாம், வாங்க வேண்டியதில்லை.

நுவரெலியாவுக்கு ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பாதை கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால் றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலில் இறங்கிக் கொத்மலைப் பள்ளத்தாக்கை மூடுபனி சூழுமுன் பார்க்கலாம்; அடுத்த பஸ்ஸில் லபுக்கலைத் தேயிலை நிலையம், அதற்கடுத்த பஸ்ஸில் நகரம். ரயிலில் இப்படி இடையிடையே இறங்கி ஏற முடியாது. திரும்பும்போது நானுஓயாவில் ரயிலேறினால் தலவாக்கலை, ஹற்றன் பக்கத்து மலைகளைக் களைப்போடு உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், விரைவில் தீரும். கிடைக்காவிட்டால் கூடுதல் விலைக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றன்று நிலையத்தில் தருவார்கள். மலைப்பாதையில் எந்தப் பகுதி ஓடுகிறது என்பதை முதல்நாள் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நுவரெலியாவில் இரண்டு இரவு போதும். சீதா எலிய அம்மன் கோயிலும் ஹக்கலைப் பூங்காவும் பதுளை வீதியில் ஒரே பஸ் பாதையில் இருப்பதால் ஒரே காலையில் முடியும். சாப்பாட்டுக்கு, புதிய கடைவீதியில் உள்ள அம்பாள்ஸ் சைவ உணவகம். குளிரில் சூடான தோசை வேறு சுவை.

பதுளைப் பக்கம் போக நினைத்தால் எல்லவைவிட ஹப்புத்தளையில் தங்குங்கள். தம்பத்தென்னைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் ஆசனம் என்ற காட்சிமுனை இருக்கிறது. ஒன்பது பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிடும் என்பதால் இருட்டோடு முச்சக்கர வண்டியில் ஏறி, கொழுந்துச் சரிவுகளினூடே நடந்து இறங்குங்கள்.

11. நான்காம் வாரம்: காலியாக விடுங்கள்

கடைசி வாரத்தில் புதிய இடம் எதையும் சேர்க்காதீர்கள். மழையால் தள்ளிப்போன பயணம் ஒன்றாவது இருக்கும். அதற்கு இந்த வாரம் வேண்டும். மற்ற நாட்களில் பிடித்த கடைகளுக்கே திரும்பப் போங்கள். முதல் வாரத்தில் எது கிடைக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது எந்தக் கிழமை எந்தக் கறி என்று தெரிந்து சாப்பிடுவீர்கள்.

தேயிலை வாங்குவதும் இந்த வாரத்தில்தான். முன்பே வாங்கினால் கண்டியின் ஈரத்தில் மணம் போய்விடும். பால் தேநீருக்குப் பி.ஓ.பி.எஃப். தூள், பால் இல்லாமல் குடிக்க பி.ஓ.பி. அல்லது ஓ.பி. (இவை பொதியில் எழுதியிருக்கும் தேயிலைத் தரங்களின் பெயர்கள்). கண்டித் தேயிலை நடு உயரத்தில், 600 முதல் 1,200 மீட்டருக்குள் விளைவது. சாயம் கனதியாக இருக்கும். நுவரெலியாத் தேயிலை மெல்லிய நிறமும் நல்ல மணமும் கொண்டது. ஜூலை முதல் செப்டெம்பருக்குள் வந்திருந்தால் பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலையை வாங்குங்கள், அதன் சிறந்த பருவம் அது. ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் ஹற்றன் பக்கத்து டிம்புல்லத் தேயிலை. பொதியில் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று.

வாசனைப் பொருட்களுக்கு முதல் வாரத்தில் எழுதிய விலைக் குறிப்போடு மத்திய சந்தைக்குப் போங்கள். மிளகைக் கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். கறுவாப்பட்டை காகிதம் போல மெல்லிய சுருளாக இருக்க வேண்டும். தடித்த ஒற்றைச் சுருள் வேண்டாம். கித்துள் பாணி போத்தலில் வாங்கினால் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில் வீதிக்கு மட்டும் நாலைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு லொறி பழுதாகி நின்றாலே நெரிசல் நீண்டுவிடும். காலை விமானம் என்றால் முதல்நாளே நீர்கொழும்புக்கு இறங்கிவிடுவது பாதுகாப்பு. அப்படி இறங்குகிறவர்கள் பதினொன்றரைக்குத் தங்கள் கடையில் ஒரு சோற்றுப் பார்சல் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.